சின்ன ரேட்டிங் பெரிய ரேட்டிங்கை அடித்த ஆட்டம்: அதைப் பிரித்துப் பார்க்க லீசெஸ் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

செஸ் போட்டியில் 1480 ரேட்டிங் (ஆடுபவரின் பலத்தைக் காட்டும் எண்) உள்ள பிள்ளை 1780 உள்ளவரை அடித்துவிட்டு வந்தால், ராமநாதபுரம் பக்கத்து ஊர்களான மண்டபமோ தங்கச்சிமடமோ கீழக்கரையோ, அன்று ராத்திரி வீட்டில் நடப்பது ஒன்றுதான். ஆடும்போது மூவ்களை எழுதிய தாளை, அதாவது ஸ்கோர்ஷீட்டைப் பார்த்து மூவ்களைப் போனில் ஏற்றுவார்கள். கம்ப்யூட்டர் துல்லியம் 91 சதவீதம் என்று காட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவார்கள். அத்தோடு ஆய்வு முடிந்தது. அந்த 91-ல் ஆட்டத்தைப் பற்றி அநேகமாக ஒன்றுமே இல்லை என்பதுதான் சங்கடம். விஷயம் அதே பக்கத்தில் வேறு இடத்தில் இருக்கிறது, பாதி ஸ்கோர்ஷீட்டில் இருக்கிறது. இந்த ஒரு வேலைக்கு, அதாவது கீழே இருப்பவர் மேலே இருப்பவரை ஜெயித்த ஆட்டத்தை அலசுவதற்கு, லீசெஸ் என்ற இணைய செஸ் தளம் எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். ஆன்லைனில் ஆடுவதற்கு எப்படி என்பது வேறு கதை.

லீசெஸ் 2010-ல் திபோ தூப்ளெசி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. நன்கொடை கொடுத்தவருக்குப் பெயர்ப் பக்கத்தில் ஒரு சிறகுச் சின்னம் வரும். மற்றபடி கொடுக்காதவருக்கு இல்லாத வசதி எதுவும் அவருக்கும் இல்லை. முழு ஆட்டத்தையும் ஆய்வுக்கு அனுப்பினால் அதைச் செய்துகொடுப்பது உலகம் முழுக்க ஆர்வலர்கள் இரவல் கொடுத்திருக்கும் கம்ப்யூட்டர்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. ஓசியில் கிடைப்பதற்கு இதற்கு மேல் கேட்க முடியாது.

முதல் தலைவலி ஆட்டத்தை ஏற்றுவது. ஸ்கோர்ஷீட்டைப் போட்டோ எடுத்தால் தானாகப் படித்துக்கொள்ளும் வசதி கிடையாது, கையால்தான் ஏற்ற வேண்டும். 40 மூவ் ஆட்டத்துக்குப் பழகியவருக்குப் பத்து, பதினைந்து நிமிடம். வெறும் ஆய்வுப் பலகையில் ஏற்றுவதைவிட 'ஸ்டடி' ஒன்று திறந்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு அத்தியாயமாகப் போடுவது நல்லது. ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயம் வரை கொள்ளும். ஒரு பிள்ளையின் ஒரு வருட ஆட்டங்களுக்கு அது போதும். திறக்கும்போதே பிரைவேட் என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த போட்டியில் எதிரே உட்காரப்போகிறவர் உங்கள் ஓப்பனிங் (ஆரம்ப மூவ்கள்) முழுவதையும் வீட்டிலேயே படித்துவிட்டு வருவார்.

செல்லாத மூவை லீசெஸ் ஏற்காது. 23-ஆவது மூவில் காய் நகர மறுத்தால் 23-ஐ முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. தவறு வழக்கமாக ஐந்தாறு மூவுக்கு முன்னால் நடந்திருக்கும். பி1 குதிரை, எஃப்3 குதிரை இரண்டுமே டி2-க்குப் போக முடியும் என்ற நிலையில் எது போனது என்று குறிக்காமல் 'குதிரை டி2' என்று மட்டும் எழுதியிருப்பது அடிக்கடி நடப்பது. இரண்டு யானைகளும் ஒரே வரிசையில் இருக்கும்போதும் இதே கதை. கறுப்புக்காயோடு ஆடும் சின்னப் பிள்ளைகள் தங்கள் பக்கத்திலிருந்து எண்ணி, சி6 என்பதை எஃப்3 என்று திருப்பி எழுதிவிடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் எதிராளியின் தாளோடு ஒப்பிட வேண்டும். அதற்கு அந்தத் தாள் வேண்டும். ஹாலை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு தாள்களையும் போட்டோ எடுத்துவிடுவது பழக்கமாகட்டும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்திலும் உள்ளங்கை வியர்வையிலும் கார்பன் நகல் சாயங்காலத்துக்குள் மங்கிப்போகும். கையில் வருவது பெரும்பாலும் அந்த நகல்தான்.

சின்னத் திரை போனில் காயை இழுத்து வைத்தால் பக்கத்துக் கட்டத்தில் விழும். அமைப்புகளில் இழுப்பதற்குப் பதிலாக இரண்டு கட்டத்தைத் தொட்டு நகர்த்தும் முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

ஆட்டம் ஏறியபின் இரண்டு விதமாக ஆராயலாம். ஒன்று, மேலே சொன்னபடி சர்வருக்கு அனுப்புவது. இன்னொன்று, மூவ்களைக் கணக்கிட்டு மதிப்பிடும் நிரலான ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை உங்கள் போனிலேயே ஓடவிடுவது. இதற்கு எஞ்சினின் கோப்பை ஒருமுறை இறக்க வேண்டும். சிறியது 7 எம்பி அளவு, பெரியது அதைப்போல் பத்து மடங்கு. பள்ளி மாணவர் ஆட்டத்துக்குச் சிறியதே தாராளம். 1800-க்குக் கீழே நடக்கும் தவறுகளைக் கண்டுபிடிக்கப் பெரிய எஞ்சின் தேவையே இல்லை. நல்ல சிக்னல் இருக்கும் இடத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் தாண்டினால் நெட்வொர்க் மனசு வைத்தால்தான் உண்டு. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைத் தேட ஆரம்பித்துவிடும். எஞ்சின் அமைப்பில் த்ரெட் எண்ணிக்கையை 1 அல்லது 2-க்குக் குறைத்து, காட்டும் வரிகளை 3 ஆக்குங்கள். முழு வேகத்தில் விட்டால் போன் தோசைக்கல் ஆகிவிடும், பேட்டரியும் கண்ணெதிரே இறங்கும். மூன்று வரி எதற்கென்றால், முதல் மூவுக்கும் மூன்றாவதுக்கும் மதிப்பெண் வித்தியாசம் சொற்பமாக இருந்தால் அங்கே "சரியான மூவ்" என்று ஒன்று கிடையாது. பிள்ளையைத் திட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்தச் சதவீதம். லீசெஸ் ஒவ்வொரு மூவிலும் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் துல்லியத்தைக் கணக்கிடுகிறது. ஒருவர் ஒரு யானை மிச்சத்தில் இருக்கும்போது ஜெயிக்கும் வாய்ப்பு ஏற்கெனவே உச்சியில் இருக்கும். அதன்பிறகு சுமாரான மூவ் வைத்தாலும் வாய்ப்பு பெரிதாக இறங்காது, சதவீதமும் இறங்காது. ஆகவே எதிராளி 12-ஆவது மூவிலேயே காயைக் கொடுத்துவிட்டால், மீதி ஆட்டத்தைத் தூங்கி வழிந்து ஆடினாலும் 90-க்கு மேல் வந்துவிடும். ஐந்து மணி நேரம் உயிரைக் கொடுத்துச் சிக்கலான நடு ஆட்டத்தில் ஜெயித்தவருக்கு 82 வரும். எந்த ஆட்டம் உயர்ந்தது என்று சதவீதத்தை வைத்துச் சொன்னால் தலைகீழாகத்தான் சொல்ல நேரும்.

பார்க்க வேண்டியது, எந்த மூவில் யார் கை ஓங்கியிருந்தது என்று காட்டும், கீழே இருக்கும் கோட்டுப்படம். லீசெஸின் உண்மையான மதிப்பு அங்கேதான். ரேட்டிங்கில் கீழே இருப்பவர் ஜெயித்த ஆட்டங்களில் அந்தக் கோடு சில வடிவங்களில்தான் வரும், ஒவ்வொரு வடிவத்துக்கும் காரணம் வேறு.

செங்குத்தாக விழும் கோட்டுக்கு உலகமே பார்த்த உதாரணம் இருக்கிறது. 2025 ஜூன் 1, ஸ்டவாங்கரில் நடந்த நார்வே செஸ் போட்டியின் 6-ஆவது சுற்று. வெள்ளை நம் குகேஷ், கறுப்பு கார்ல்சன். குகேஷ் அப்போது உலக சாம்பியன், ஆனால் ரேட்டிங்கில் கார்ல்சனைவிட ஏறத்தாழ 50 புள்ளி கீழே. ஆட்டத்தின் பெரும்பகுதியில் கோடு கார்ல்சன் பக்கம்தான். 52-ஆவது மூவில் கார்ல்சன் குதிரையால் இ2-வில் ஒரு செக் கொடுத்தார்; கோடு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. 62-ஆவது மூவில் ஆட்டம் முடிந்தது. அந்தப் போட்டியில் ஆட்டத்துக்கு 120 நிமிடம். கூடுதல் நேரம் 41-ஆவது மூவிலிருந்துதான், அதுவும் மூவுக்கு 10 விநாடிதான். லீசெஸ் ஒளிபரப்புப் பக்கத்தில் மூவோடு கடிகார நேரமும் வரும். அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குதிரை செக் ஏன் வந்தது என்று புரியும். எஞ்சினுக்கு அது வெறும் சிவப்புக் குறி.

இரண்டாவது வடிவம் நம் ஊர்ப் போட்டிகளில் அதிகம் வருவது. 30 மூவ் வரை கோடு தரையோடு தரையாக 0.00, அதாவது சமநிலை, பக்கத்திலேயே போகும், பிறகு சரியும். எஞ்சின் 36-ஆவது மூவைக் காட்டி "இதுதான் தவறு" என்று சொல்லும். உண்மையில் தவறு 28-ல், டிராவை மறுத்த இடத்தில். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி 300 புள்ளி வித்தியாசத்தில் மேலே இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஆட்டத்துக்கு 0.85. அவருடைய கே எண் (ரேட்டிங் மாற்றத்தைக் கணக்கிடப் பெருக்கும் எண்) 20 என்றால், டிரா செய்தாலே 20 பெருக்கல் 0.35, அதாவது 7 புள்ளி போகும், தோற்றால் 17. டிராவும் அவருக்கு நஷ்டம்தான். அதனால் மூன்று முறை அதே நிலை வந்து டிரா ஆகப்போகிறது என்று தெரிந்தும் விலகுவார், ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயைத் தள்ளுவார், இல்லாத தாக்குதலைத் தேடுவார். கீழே இருப்பவர் ஒன்றும் செய்யாமல் காய்களை ஒழுங்காக வைத்திருந்தாலே போதும். எஞ்சினுக்கு ரேட்டிங் தெரியாது, யாருக்கு டிரா கசக்கும் என்றும் தெரியாது. இந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்கோர்ஷீட் வேண்டும். டிரா கேட்டால் இரண்டு பேரும் தாளில் அந்த மூவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சமக்குறி போட வேண்டும் என்பது ஃபிடே விதி. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அதைப் போடுவதே இல்லை. போட்டிருந்தால் அதை ஸ்டடியில் அந்த மூவின் குறிப்பாக ஏற்றுங்கள். கோடு சரியும் இடத்தையும் அந்தக் குறியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஆட்டத்தின் கதை கிடைத்துவிடும்.

படிக்கட்டுபோல மெதுவாக ஏறும் கோடு அபூர்வம். பெரிய தவறு எதுவும் இல்லாமல் சின்னச் சின்னதாக எதிராளியை நகர்த்திக்கொண்டே போன ஆட்டம் அது. அப்படி வந்தால் அந்தப் பிள்ளையின் ரேட்டிங் காகிதத்தில்தான் 1480. ரம்பப் பல்லாக மேலும் கீழும் போகும் கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருவரும் மாறி மாறித் தவறினார்கள், கடைசியில் தவறாதவர் ஜெயித்தார்.

எஞ்சின் எந்த அளவுக்குப் பேசும், எங்கே வாயை மூடும் என்பதைக் கிட்டத்தில் பார்க்க ஒரு பழைய பொறியை எடுத்துக்கொள்வோம். ரூய் லோபஸ் ஓப்பனிங்கில் நோவாவின் பேழை என்று சொல்வார்கள். வெள்ளை இ4, கறுப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் பி5, ஏ6. பிஷப் ஏ4, டி6. டி4, பி5. பிஷப் பி3, கறுப்புக் குதிரை டி4 சிப்பாயை எடுக்கிறது. வெள்ளைக் குதிரை அதை எடுக்க, இ5 சிப்பாய் திருப்பி எடுக்கிறது. எட்டாவது மூவில் வெள்ளை ராணி அந்த டி4 சிப்பாயை எடுத்தால் மாட்டிக்கொண்டது. கறுப்பு சி5. ராணி டி5-க்குப் போய் எஃப்7-ல் மேட், ஏ8-ல் யானை என்று இரண்டு மிரட்டல் வைக்கும். கறுப்புப் பிஷப் இ6. ராணி சி6-ல் செக், பிஷப் டி7-க்கு வந்து மறைக்கும். ராணி மறுபடி டி5. இப்போது கறுப்பு சி4. பி3-யில் இருக்கும் வெள்ளைப் பிஷப்புக்குப் போக இடமில்லை: ஏ2, சி2 இரண்டும் சொந்தச் சிப்பாய், ஏ4-ஐக் கறுப்பின் பி5 சிப்பாய் பார்க்கிறது, சி4 சிப்பாயை எடுத்தால் அதே பி5 சிப்பாய் திருப்பி எடுக்கும். எஃப்7 மேட் மிரட்டலும் செத்தது, ஏனென்றால் பிஷப்பின் வழியை சி4 சிப்பாயே அடைத்துவிட்டது. பிஷப்புக்கு இரண்டு சிப்பாய் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

லீசெஸில் இதைப் போட்டால் எட்டாவது மூவில் குறி விழும், வேறு மூவுக்கு அம்பு காட்டும். சரிதான். ஆனால் ஏ6, பி5, சி5, சி4 என்று சிப்பாய்ச் சுவர் எழும்பியதால் பிஷப் கூண்டில் மாட்டியது என்ற ஒரு வரி எங்கும் வராது. அந்த வரியை எழுதுவது மனிதர் வேலை. ஸ்டடியில் ஒவ்வொரு மூவுக்கும் கீழே தமிழிலேயே குறிப்பு எழுதலாம், கட்டங்களில் அம்பும் வட்டமும் போடலாம். ஒரு ஆட்டத்துக்கு மூன்று குறிப்பு போதும். பத்து எழுதினால் யாரும் திரும்பப் படிக்க மாட்டார்கள். அதோடு, ஒரு நிலையில் மற்றவர்கள் என்ன ஆடினார்கள் என்று காட்டும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் ரேட்டிங் வரம்பை 1400, 1600 என்று வடிகட்டி, அந்த நிலையில் மற்றவர்கள் எத்தனை தடவை ராணியால் எடுத்து மாட்டினார்கள் என்றும் பார்த்துக்கொள்ளலாம். மாஸ்டர்கள் ஆட்டத் தொகுப்பைவிட இந்த வடிகட்டல்தான் மாணவருக்கு உதவும். மாஸ்டர்கள் அந்தச் சிப்பாயை எடுப்பது அபூர்வம்.

"உங்கள் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்" என்ற பகுதி நன்றாக இருக்கிறது. தவறிய இடத்தில் பலகையை நிறுத்தி, நல்ல மூவை நீங்களே கண்டுபிடிக்கச் சொல்லும். ஜெயித்த பிள்ளை தன் பக்கத்தை முடித்தவுடன் மூடிவிடக் கூடாது. எதிராளி பக்கத்துக்கும் அதை ஓட்ட வேண்டும். 1780 எங்கே தப்பித்திருக்கலாம் என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை அவரிடம் தோற்காமல் இருக்க முடியும்.

கையால் ஏற்றிய ஆட்டத்தில் கடிகாரம் இல்லை என்பது பெரிய குறை. 90 நிமிடமும் மூவுக்கு 30 விநாடியும் கொடுக்கும் போட்டியில், 25-ஆவது மூவில் ஒருவரிடம் 50 நிமிடமும் இன்னொருவரிடம் 6 நிமிடமும் இருந்தால், அதன்பிறகு நடந்ததை மூவ்களை மட்டும் வைத்து விளக்க முடியாது. மீதி நேரத்தை ஸ்கோர்ஷீட்டில் எழுதிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. ஐந்து மூவுக்கு ஒருமுறை இருவரின் நிமிடத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஏற்றும்போது அதைக் குறிப்பில் போட்டுவிடலாம்.

ஏழு அல்லது அதற்குக் குறைந்த காய்கள் மிஞ்சினால் லீசெஸ் கடைசி ஆட்ட அட்டவணையிலிருந்து நேரடியாக வெற்றியா டிராவா என்று சொல்லிவிடும். அங்கே ஊகமே இல்லை. வெள்ளைக் கட்டப் பிஷப்பும் எச் வரிசைச் சிப்பாயும் இருந்து, எதிரி ராஜா எச்8 மூலையைப் பிடித்துவிட்டால் ஒரு காய் மிச்சமிருந்தும் ஜெயிக்க முடியாது, ஏனென்றால் எச்8 கறுப்புக் கட்டம். கீழே இருப்பவர் தப்பிப்பதற்கு இது போன்ற நாலைந்து நிலைகள் கைவசம் இருந்தால் போதும்.

தமிழ் இடைமுகம் இருக்கிறது, ஆனால் முழுமையாக இல்லை. நாம் யானை என்பதை அங்கே கோட்டை என்று எழுதினால் சின்னப் பிள்ளை முழிக்கும். ஆய்வுப் பக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வதே இப்போதைக்கு வசதி.

ரேட்டிங் கணக்கு லீசெஸின் வேலை இல்லை. அங்கே காட்டும் ரேட்டிங் வேறு முறை. புதிய கணக்கு 1500-ல் தொடங்கும். லீசெஸில் 1900 என்று பார்த்துவிட்டு ஃபிடேயிலும் அதை எதிர்பார்க்கக் கூடாது. உண்மையான வரவுக்கு ஃபிடே தளத்தின் கணிப்பானைப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே, 2300-க்குக் கீழே என்றால் கே எண் 40. 1480 பிள்ளைக்கு அந்த ஒரு வெற்றியில் 40 பெருக்கல் 0.85, அதாவது 34 புள்ளி. எதிராளிக்குப் போனது அதில் பாதி, 17.

ஆனால் அந்த 1480-ஐயே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ராமேஸ்வரம், பாம்பன் பிள்ளைகளுக்கு ரேட்டிங் போட்டி என்றால் பெரும்பாலும் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டும், ரயிலில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். 2022 டிசம்பர் கடைசியிலிருந்து பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது, 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே இல்லை. வருடத்துக்கு இரண்டு போட்டி ஆடுகிற பிள்ளையின் ரேட்டிங் அதன் பலத்துக்கு ஒரு வருடம் பின்னால் நிற்கும். 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒருமுறை தூக்கிக் கொடுத்தது: 2000-லிருந்து எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதம். 1000 இருந்தவர் 1400 ஆனார், 1500 இருந்தவர் 1700. குறைந்தபட்ச ரேட்டிங்கும் 1400 ஆனது. அதனால் 1400-க்கும் 1500-க்கும் இடையில் இருப்பவர்களில் நிஜத்தில் யார் எந்தப் பலம் என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1780-காரர்கள் இதை மறந்துவிட்டு உட்காரும்போதுதான் அடி விழுகிறது.

இதோடு ஒட்டிய ஒரு அசிங்கமும் உண்டு. சின்ன ரேட்டிங் ஜெயித்தவுடன், துல்லியம் 95 என்று லீசெஸ் காட்டுவதைப் பிடித்துக்கொண்டு "கம்ப்யூட்டர் பார்த்து ஆடியிருக்கிறான்" என்று கிளப்பிவிடுவார்கள். மேலே சொன்ன பேழைப் பொறியில் கறுப்பு வைத்த மூவ்கள் எல்லாம் ஏறத்தாழ கட்டாய மூவ்கள். யார் ஆடினாலும் சதவீதம் கூடும். ஒரு ஆட்டத்தின் சதவீதத்தை வைத்துக் குற்றம் சொல்வதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஹாலில் இருக்கும் ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) அப்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டை ஊரெல்லாம் சுற்றவிடக் கூடாது.

எஞ்சினை எப்போது திறப்பது? போட்டி முடிந்து மதுரையில் ரயில் ஏறினால் முதல் வேலையாக எஞ்சினை அணைத்து வைத்துவிட்டு ஆட்டத்தை ஏற்றுங்கள். மானாமதுரைக்குள் முடிந்துவிடும். பரமக்குடி, ராமநாதபுரம் வரை பிள்ளையே மூன்று குறிப்பு எழுதட்டும்: எங்கே பயந்தேன், எங்கே ஜெயிக்கிறேன் என்று தெரிந்தது, எங்கே நேரம் போனது. உச்சிப்புளி தாண்டியபின் சர்வருக்கு அனுப்பினால், மண்டபத்தில் சிக்னல் இருக்கும்போதே கோடு வந்துவிடும்.